பனை ஓலைப் பெட்டி: ஈரம்தான் சூட்சுமம்

கடலூர்ப் பக்கம் பெட்டி முடைய குருத்தோலைதான் வேண்டும். முற்றிய ஓலை மடக்கும் இடத்தில் வெடிக்கும். வெட்டிய குருத்தை விரித்து, வெளுக்கும்வரை நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். ஐப்பசி மழையில் காயவைத்தால் கரும்புள்ளி விழும். அதனால் ஓலையைப் புரட்டாசிக்குள் சேர்த்துவிடுங்கள்.

ஈர்க்கை உரித்து, சின்னப் பெட்டிக்குக் கால் அங்குலம், பெரியதற்கு அரை அங்குலம் என ஒரே அகலத்தில் கிழியுங்கள். அகலம் பிசகினால் மூலை கோணும்.

பலரும் தவறுவது நனைப்பதில். ஓலையை ஊறப்போட்டால் உப்பும். முடைந்தபின் காய்ந்து சுருங்க, கண்ணுக்குக் கண் இடைவெளி தெரியும். ஈரத்துணியில் சுற்றி வைத்தாலே போதும், வளையும்.

அடிப்பாகத்துக்கு எட்டுக்கு எட்டு கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நான்கு மூலையையும் கட்டிவிட்டுச் சுவரை எழுப்புங்கள். விளிம்பில் ஈர்க்கு வைத்து, பனை நாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். மூடியைத் தனியாக அளந்து முடையாதீர்கள், பெட்டி மேலேயே கவிழ்த்து முடைந்தால்தான் பொருந்தும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் ஹோப்பி பழங்குடி மக்கள் யுக்கா என்ற செடியின் இலையில் முடையும் சல்லடைக் கூடையும் இதே பின்னல் வகைதான். ஆனால் அவர்கள் இலைப் பின்னலை வளைத்த குச்சி வளையத்தில் மடக்கிக் கட்டுகிறார்கள். நம் பெட்டிக்கு அந்த வளையம் கிடையாது, மூலைதான் அதன் பலம்.