பிசியோ என்று சொல்லிக்கொள்ள ஆன பதினான்கு மாதங்கள்

பிரிட்டனில் லெஸ்டர் நகரத்துக்கு வந்த முதல் மாதம். பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மா, ஊரில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். பிசியோதெரபிஸ்ட் என்றேன். மறுநாளே முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். சேலத்தில் ஒன்பது வருடம் செய்த வேலை, கை சும்மா இருக்குமா? முட்டியை மடக்கிப் பார்த்து, இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். இதை அன்று இரவு போனில் ஒரு தோழியிடம் சொன்னபோது அவள் பதறிவிட்டாள். அவள் இங்கே ஏற்கனவே ரேடியோகிராபராக, அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பவராக இருப்பவள். "அக்கா, பதிவு வர்ற வரைக்கும் அந்தப் பேரை யார்கிட்டயும் சொல்லாதீங்க. இங்க அது சட்டத்துல இருக்கிற பேரு" என்றாள்.

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. நாலரை வருடப் படிப்பு. அதில் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெட்டிக்குள் இருக்கிறது. அப்புறம் நான் யாராம்?

பிரிட்டனில் இந்தத் தொழில்களைப் பதிவு செய்து கண்காணிப்பது எச்சிபிசி என்ற கவுன்சில். டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. பிசியோ, ரேடியோகிராபர், டயட்டீஷியன், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சு மொழி சிகிச்சையாளர், ஆம்புலன்ஸில் வரும் பாராமெடிக் என்று மொத்தம் 15 தொழில்கள் எச்சிபிசியின் கீழ் வருகின்றன. 1960லேயே இதற்கென்று ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். இப்போதுள்ள அமைப்பு 2001ஆம் ஆண்டு ஆணையில் பிறந்தது. இன்றைய பெயர் 2012இல் வந்தது. எச்சிபிசியின் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர், மக்களை ஏமாற்றும் நோக்கத்தோடு பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொண்டால் அது குற்றம். வெறும் 'தெரபிஸ்ட்' என்ற சொல்லுக்கு அந்தக் காவல் கிடையாது. அதனால் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே கூர்ந்து பார்க்க வேண்டும்.

பதிவுக்கான விண்ணப்பத்தில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எனக்குப் பெரிய பாடாக இல்லை. மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது. எழுத்துப் பகுதியில்தான் ஒருமுறை சறுக்கினேன். பேச்சு மொழி சிகிச்சையாளர்களுக்கு இது 8. பேச்சே அவர்களுடைய கருவி என்பதால் அது நியாயம்தான்.

உண்மையான பாடு கல்லூரியிலிருந்து வரவேண்டிய படிப்பு விவரப் படிவத்தில் இருந்தது. எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்த வார்டில் எத்தனை நாள், யார் மேற்பார்வை, எப்படி மதிப்பிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நான் படித்து முடித்தது 2013இல். அலுவலகத்தில் பழைய பாடத்திட்டமே கைக்கு அகப்படவில்லை. அப்பா மூன்று முறை பஸ் ஏறிப் போய் உட்கார்ந்திருந்து முத்திரை வாங்கி வந்தார். ஊரிலிருந்து கிளம்பப் போகும் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்: உங்கள் வருடத்துப் பாடத்திட்டம், இன்டர்ன்ஷிப் பதிவேடு, வேலை பார்த்த இடத்துக் கடிதம், எல்லாவற்றையும் முத்திரையோடு கையில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். விண்ணப்பக் கட்டணமும் திரும்ப வராது. அரைகுறையாக அனுப்பாதீர்கள்.

காத்திருந்த காலத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் மறுவாழ்வு உதவியாளர் வேலை கிடைத்தது. இங்கே சம்பளப் படிகளை 'பேண்ட்' என்பார்கள். பதிவு பெற்ற புது பிசியோ பேண்ட் 5இல் தொடங்குவார். நான் பேண்ட் 3. முதியவர் வார்டு. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி, நடைச்சட்டத்தைப் பிடிக்க வைத்து நாலு எட்டு நடக்க வைப்பேன். பிசியோ எழுதிக்கொடுத்த திட்டத்தைத்தான் செய்யலாம். நோயாளியை நானாகப் பரிசோதித்து முடிவெடுக்கக் கூடாது. "நீங்கதான் பிசியோவா?" என்று யாராவது கேட்டால், இல்லை, உதவியாளர் என்று சொல்ல வேண்டும். முதல் சில வாரங்கள் அதைச் சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைத்தது.

ஒருநாள் ஒரு பாட்டியை நடக்க வைக்கப் போனேன். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. ரத்தம் உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு அந்த நொடியே வந்துவிட்டது. நடையை நிறுத்தி, பார்த்ததை அப்படியே பிசியோவிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். அவள் வந்து பார்த்தாள், டாக்டரை அழைத்தாள், கேஸ் ஷீட்டில் நேரத்தைப் போட்டு எழுதி, தன் பதிவு எண்ணோடு கையெழுத்திட்டாள். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாட்டிக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த எண் பதில் சொல்ல வேண்டும். பாட்டியின் மகள் வீட்டில் உட்கார்ந்தே இணையத்தில் உள்ள பதிவேட்டில் காசில்லாமல் அந்த பிசியோவின் பெயரைத் தேடிப் பார்க்கலாம், புகார் கொடுக்கலாம். விசாரணை வந்தால் பெரும்பாலும் பொதுவில் நடக்கும். எச்சரிக்கை, கட்டுப்பாடு, தற்காலிக நீக்கம், கடைசியில் பெயரையே அடித்துவிடுவது வரைக்கும் போகும்.

சேலத்தில் என் நோயாளிகளுக்கு இப்படி ஒரு வழி இருந்ததா என்று அன்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் படித்து முடித்தபோது, மருந்தாளுநர்களுக்குக்கூட 1948லிருந்து தேசியச் சட்டம் இருந்தது. பிசியோக்களுக்கு நாடு முழுமைக்குமான சட்டப்படியான பதிவேடு இல்லை. எங்கள் தெருமுனையில் ஆறு மாதச் சான்றிதழ் வைத்திருந்தவரும் பிசியோ என்றுதான் போர்டு மாட்டியிருந்தார். பக்கவாதம் வந்தவர்களின் தோளை அவர் இழுத்த இழுப்பைச் சரிசெய்ய நான் மாதக்கணக்கில் பாடுபட்டிருக்கிறேன். அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? 2021இல்தான் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இந்தியாவில் வந்தது. நல்ல சட்டம். அதன் பதிவேடு ஊர் ஊராக உயிர்பெற்று, நோயாளியின் மகள் அதில் ஒரு பெயரைத் தேடிப் பார்க்கும் நாள் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

என் விண்ணப்பத்தைப் பார்த்த எச்சிபிசி மதிப்பீட்டாளர்கள் ஒருமுறை கூடுதல் விவரம் கேட்டார்கள். டாக்டரின் சீட்டு இல்லாமல் நானே முடிவெடுத்து வேலை செய்த அனுபவத்தைக் காட்டச் சொன்னார்கள். சங்கடமான கேள்விதான். 1977லிருந்தே இங்கே பிசியோக்கள் தாங்களே நோயாளியைப் பரிசோதித்து சிகிச்சையை முடிவு செய்கிறார்கள். சேலத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகுதான் நோயாளி என் அறைக்கு வருவார். ஆனாலும் உள்ளே வந்தபிறகு என்ன செய்தேன், ஏன் செய்தேன், எப்போது திருப்பி அனுப்பினேன் என்பது என் முடிவு. நான்கு நோயாளிகளின் கதையை, அடையாளம் தெரியாதபடி, பதினோரு பக்கம் எழுதினேன். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக என் வேலையை எனக்கே விளக்கிச் சொன்னேன்.

2023இல் ஒரு செவ்வாய்க்கிழமை, பதிவு கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. PH என்பது இங்கே பிசியோக்களின் எண்களுக்கு முன்னால் வரும் எழுத்து. 'பிஎச்' போட்டு ஆறு இலக்கங்கள். அப்பாவுக்கு போன் செய்து எண்ணை வாசித்தேன். அவர் அதைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது 2.5 சதவீதம் பேரைக் குலுக்கலில் எடுத்து, இடைப்பட்ட காலத்தில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கணக்குக் கேட்பார்கள். அதற்கென்று ஒரு நோட்டு போட்டு வைத்திருக்கிறேன்.

அதே வார்டில் பேண்ட் 5இல் சேர்ந்தேன். முதல் நாள் கண்ணாடி அணிந்த ஒரு தாத்தா, "நீதான் பிசியோவா?" என்றார். ஆமாம் என்று சொல்லி, என் முழுப்பெயரையும் சொன்னேன். அப்புறம் அவர் நடைச்சட்டத்தின் உயரத்தைச் சரிபார்க்கக் குனிந்தேன்.