சிங்கப்பூர் டு நியூயார்க்: ஆறு மணி நேரமா, பதினெட்டரையா?

ஆபீஸ் வேலையா ஜனவரில நியூயார்க் போக வேண்டியிருந்துச்சு, டிக்கெட்ட அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன். ராத்திரி பன்னெண்டு மணி வாக்குல கிளம்பி மறுநாள் காலைல ஆறு மணி வாக்குல இறங்குதுன்னு பாத்துட்டு, "அட ஆறு மணி நேரம்தானா, நம்ம காரைக்குடிலேர்ந்து மெட்ராஸ் போறதே அதவிட ஜாஸ்தியாகுமே"ன்னுட்டாங்க. குளிர்காலத்துல நியூயார்க் சிங்கப்பூருக்கு 13 மணி நேரம் பின்னாடி, அதையும் சேர்த்தா பதினெட்டரை மணி நேரம் கிட்ட வரும்னு சொல்லி புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆச்சு.

தூரம் 15,300 கிமீக்கு கொஞ்சம் மேல. இத நீங்களே பேப்பர்ல போட்டுப் பாக்கலாம். ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட உருண்டைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு, அதனால குளோப்ல நூல் பிடிச்சா நேரா வடதுருவத்துக்கிட்டதான் போகும். சிங்கப்பூர்லேர்ந்து துருவம் 88.6 டிகிரி, அங்கேர்ந்து நியூயார்க் 49.4 டிகிரி, மொத்தம் 138, டிகிரிக்கு 111 கிமீ சொச்சம்னு பெருக்குனா வந்துரும்.

ஆனா ஸ்கிரீன்ல பாத்தா துருவத்தையே காணோம்! ஜப்பான் பக்கமா போய் பசிபிக்க தாண்டி கனடாவுக்குள்ள நுழையுது. சுத்துவழிதான், கிலோமீட்டர் கூடத்தான் ஆகும், ஆனா அந்த உயரத்துல மேற்குலேர்ந்து கிழக்க ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து அடிக்குது பாருங்க, குளிர்காலத்துல அது பயங்கர வேகம், அது பின்னாடிலேர்ந்து தள்ளுனா நேரமும் மிச்சம் எரிபொருளும் மிச்சம். ஆத்தோட போக்குல படகு விடுற மாதிரிதான்.

இந்த மாதிரி ரொம்ப தூர ரூட்டுக்குன்னே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வச்சிருக்குற ஏ350-900 யூஎல்ஆர் (அல்ட்ரா லாங் ரேஞ்ச்) விமானத்துல 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்குமாம், சாதாரண ஏ350-900ல 1,41,000தான். அவ்வளவு வெயிட்ட தூக்கணும்னா ஆள குறைக்கணும், அதான் மொத்தமே 161 சீட்டு, 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, சாதா எகானமியே கிடையாது (ஆபீஸ் காசுங்கறதால தப்பிச்சேன்). இதுக்கு முன்னாடி நியூயார்க் பக்கத்துல இருக்குற நெவார்க் ஏர்போர்ட்டுக்கு நாலு எஞ்சின் ஏ340-500 2004லேர்ந்து ஓடுச்சு, அது குடிச்ச எரிபொருளுக்கு கட்டுப்படியாகாம 2013ல நிறுத்திட்டாங்க, ரெண்டு எஞ்சின் யூஎல்ஆர் வந்தப்புறம் 2018ல மறுபடி ஆரம்பிச்சாங்க, நியூயார்க்கோட ஜேஎஃப்கே ஏர்போர்ட்டுக்கு 2020லேர்ந்து.

போறப்ப ஒண்ணும் தெரியல, திரும்பி வர்றதுதான் கூத்து. வியாழக்கிழமை ராத்திரி பத்தரைக்கு அங்க ஏறுனேன், இங்க இறங்குனா சனிக்கிழமை விடிஞ்சிருக்கு. வீட்டுக்கு வந்து போன் பண்ணா அம்மா எடுத்த எடுப்புல, "வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சு குளிச்சியா?"

வெள்ளிக்கிழமை பூரா பெல்ட்டு போட்டு சீட்லதாம்மா உக்காந்திருந்தேன்.