சி மொழியில் கம்பைலர் கண்டுகொள்ளாத ஃபங்ஷன் பிழைகள்: செய்து பார்த்தது

சோதனைக்கு இரண்டு கோப்புகள் போதும். முதல் கோப்பில் ஒரு ஃப்ளோட்டை (4 பைட் தசம எண்) வாங்கி அப்படியே திருப்பித் தரும் ஃபங்ஷன். இரண்டாவதில் அதன் அறிவிப்பும் (ஃபங்ஷன் எப்படிப்பட்டது என்று கம்பைலருக்கு முன்கூட்டியே சொல்லும் வரி) அழைப்பும். அறிவிப்பில் அடைப்புக்குறிக்குள் ஒன்றும் எழுதவில்லை. 64 பிட் இன்டெல் வகை லினக்ஸ், ஜிசிசி கம்பைலர், சி மொழியின் சி17 தரநிலை. எச்சரிக்கைகளை இயக்கும் டபிள்யூ-ஆல் (-Wall), டபிள்யூ-எக்ஸ்ட்ரா (-Wextra) இரண்டும் போட்டும் ஓர் எச்சரிக்கைகூட இல்லை. கோப்புகளை ஒன்றாக்கும் லிங்கரும் பெயரை மட்டும் பார்த்து இணைத்துவிடும்.

3.5 அனுப்பினால் 0 வரும். 0.1 அனுப்பினால் பூஜ்ஜியத்தை ஒட்டிய ஒரு எதிர்ம எண், ஏறக்குறைய -1.6 × 10⁻²³.

அடுத்த தரநிலையான சி23-க்கு முன் வெற்று அடைப்புக்குறி, அளவுரு (ஃபங்ஷன் வாங்கும் மதிப்பு) இல்லை என்று சொல்வதில்லை. என்ன அளவுரு என்பதையே சொல்லாமல் விடுகிறது. அதனால் அழைக்கும் பக்கம் மதிப்பை 8 பைட் டபுளாக அனுப்பும், ஃப்ளோட் கொடுத்தாலும் டபுளாக மாற்றியே அனுப்பும். வாங்கும் பக்கம் அதே ரெஜிஸ்டரின் (ப்ராசஸருக்குள் மதிப்பை வைக்கும் இடம்) கீழ் 4 பைட்டை மட்டும் ஃப்ளோட்டாகப் படிக்கும். 3.5-இன் டபுள் வடிவில் கீழ் 32 பிட்டும் பூஜ்ஜியம், 0.1-இல் அப்படி இல்லை, அதனால்தான் அந்த விசித்திர எண். விடை 0 வருவதுதான் ஆபத்து. பார்க்க நியாயமான எண்ணாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஃபங்ஷனும் அந்த அறிவிப்பும் ஒரே கோப்பில் இருந்தால் ஜிசிசி வகை முரண் என்று நிறுத்திவிடும்.

அடுத்தது, விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் வரியை எழுதாமல் விட்ட ஃபங்ஷன். டபிள்யூ-ஆல் இல்லாவிட்டால் சி-யில் ஜிசிசி வாய் திறக்காது. ஆப்டிமைசேஷன் (நிரலை வேகமாக்க கம்பைலர் செய்யும் மாற்றங்கள்) இல்லாதபோது கணக்கின் விடை பல நேரம் ரெஜிஸ்டரிலேயே தங்கிவிடுவதால் சரியாகவே ஓடும். ஆப்டிமைசேஷனை இயக்கும் ஓ2 (-O2) போட்டதும் யாரும் பயன்படுத்தாத கணக்கு என்று மொத்தத்தையும் நீக்கிவிடும். ரிட்டர்ன்-டைப் (-Wreturn-type) எச்சரிக்கையைப் பிழையாகவே மாற்றி வைப்பது நல்லது.

முதல் சிக்கலுக்கு, அளவுரு இல்லாத இடத்தில் வாய்ட் என்று எழுதி, ஸ்ட்ரிக்ட்-ப்ரோட்டோடைப்ஸ் (-Wstrict-prototypes), மிஸ்ஸிங்-ப்ரோட்டோடைப்ஸ் (-Wmissing-prototypes) என்ற எச்சரிக்கைகள் இரண்டையும் தனியாக இயக்க வேண்டும். டபிள்யூ-ஆலில் இவை அடங்காது. அறிவிப்பு ஹெடரில் (பல கோப்புகளில் சேர்க்கும் பொதுக் கோப்பு) மட்டும் இருக்கட்டும். அந்த ஹெடரை ஃபங்ஷனை எழுதிய கோப்பிலும் சேர்க்க வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஜிசிசி 15-இல் சி23 தான் இயல்புநிலை. அதே அழைப்பு அங்கே ஆர்க்யுமென்ட் (அனுப்பும் மதிப்பு) அதிகம் என்று பிழையாகிவிடும்.

மிஸ்ஸிங்-ப்ரோட்டோடைப்ஸ் போட்டதும் பழைய நிரலில் எச்சரிக்கைகள் குவியும். ஒரே கோப்புக்குள் பயன்படும் ஃபங்ஷன்களுக்கு முன்னால் ஸ்டாட்டிக் சேர்த்தால் பெரும்பாலானவை அடங்கிவிடும்.