குடுவையில் ஊற்றியதும் செல்லுக்குப் போய்ச் சேர்ந்ததும்

நச்சுச் சேர்மம் கொடுத்துப் பாக்டீரியா வளர்ச்சியை அளப்பது பார்வைக்கு எளிய வேலைதான். ஊடகம், இனாகுலம் (விதைக்கும் செல்கள்), சேர்மம், ஷேக்கர், அரை மணிக்கொரு தடவை ஓ.டி., அதாவது கலங்கலின் அளவு. ஆனால் வரைபடத்தின் கீழ் அச்சில் எழுதும் செறிவு நாம் ஊற்றிய கணக்கு மட்டுமே. செல் சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்பது தனிக் கேள்வி. முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போனால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

எளிதில் ஆவியாகும் கரைப்பானான டொலுவீனையே எடுத்துக்கொள்ளலாம். 250 மி.லி. குடுவையில் 50 மி.லி. ஊடகம் என்றால் மேலே ஏறத்தாழ 200 மி.லி. காற்று. 25 டிகிரியில் சமநிலை வந்தபின், நீரில் இருக்கும் செறிவில் கால் பங்குக்குச் சற்று அதிகமான டொலுவீன் காற்றில் இருக்கும். கால் பங்குதானே என்று தோன்றும். காற்றின் கொள்ளளவோ நீரைப்போல் நான்கு மடங்கு. ஆக, ஊற்றியதில் பாதிக்கு மேல் காற்றிலேயே நிற்கிறது. 37 டிகிரியில் இது இன்னும் கூடும்.

இதுவும் இறுக மூடிய குடுவைக்குத்தான். பஞ்சடைப்பான் போட்டுச் சுழற்றினால் டொலுவீன் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். வளர்ச்சிக் கோடு சில மணி நேரம் தரையோடு கிடந்து, பிறகு வழக்கம்போல் ஏறும். "செல்கள் நஞ்சுக்குப் பழகிவிட்டன" என்று குறிப்பேட்டில் எழுதிவிடத் தோன்றும். எழுதுவதற்கு முன் இரண்டு சோதனைகள் போதும். கோடு ஏறத் தொடங்கும் நேரத்தில் அந்த ஊடகத்தை வடிகட்டி, நஞ்சையே பார்க்காத செல்களை அதில் விட வேண்டும். அவை தயங்காமல் வளர்ந்தால் டொலுவீன் போய்விட்டது என்றே கொள்ளலாம். மறுபுறம், வளர்ந்து வந்த செல்களுக்குப் புதிதாக அதே அளவைக் கொடுக்க வேண்டும். அவை மீண்டும் முன்போலவே தயங்கினால், பழகியதாகச் சொல்ல ஆதாரமில்லை.

டெஃப்லான் உறையிட்ட திருகுமூடி நல்லது. ரப்பர் அடைப்பான் டொலுவீனைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மூடினால் ஆக்சிஜன் தீரும் என்பதால் குடுவையின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திரவம் வைக்காமல் இருப்பது பாதுகாப்பு. அப்போது காற்றுக்குப் போகும் பங்கு இன்னும் கூடும், கணக்கைத் திரும்பப் போட வேண்டும். 96 குழித் தட்டு இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. பாலிஸ்டைரீன் டொலுவீனில் இளகும், ஆவி பக்கத்துக் குழியிலுள்ள கன்ட்ரோலுக்கும் (நஞ்சு சேர்க்காத ஒப்பீட்டு மாதிரிக்கும்) பரவும்.

இனி சவ்வு. எண்ணெய்ப்பற்றை லாக் பி என்ற எண்ணால் சொல்வார்கள். அது சுமார் 1.5 முதல் 4 வரை உள்ள கரைப்பான்கள்தான் கடும் தொல்லை தருபவை. டொலுவீனுக்கு 2.7. அதைவிட மிக அதிகமான டெக்கேன் போன்றவை நீரில் கரையாததால் சவ்வுக்குள் போதிய அளவில் சேர்வதில்லை. டொலுவீன் கொழுப்பு அமிலச் சங்கிலிகளின் இடையில் புகுந்து அடுக்கைத் தளர்த்துகிறது. புரோட்டான் உள்ளே கசிகிறது, பொட்டாசியம் வெளியே போகிறது, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. சரிகிறது. இதற்கு சூடோமோனாஸ் புடிடா என்ற பாக்டீரியா கையாளும் வழி அழகானது. வளைந்த சிஸ் சங்கிலிகளைச் சில நிமிடங்களிலேயே நேரான டிரான்ஸ் சங்கிலிகளாக மாற்றிச் சவ்வை இறுக்கிக்கொள்ளும். உள்ளே வந்ததைப் பம்புகளால் வெளியே இறைக்கவும் செய்யும். 50 சதவீதத்துக்கு மேல் டொலுவீன் சேர்த்த ஊடகத்திலும் வளரும் இதன் வகை ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் இனோவேயும் ஹொரிகோஷியும் 1989-இல் வெளியிட்டார்கள்.

இனாகுலத்தின் வயதும் முக்கியம். ஈ.கோலை பாக்டீரியா தேக்க நிலைக்கு (வளர்ச்சி நின்ற கட்டத்துக்கு) போனால் சவ்விலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைச் சைக்ளோபுரொப்பேன் வடிவுக்கு மாற்றுகிறது. இரவு முழுக்க வளர்த்ததை நேராக எடுத்துச் சோதித்தால் ஒரு விடை, ஓ.டி. 0.3-இல் எடுத்தால் வேறு விடை. எதை எடுத்தாலும் சரி, ஒவ்வொரு முறையும் அதையே எடுக்க வேண்டும்.

ஓ.டி.யை மட்டும் நம்புவது ஆபத்து. செத்த செல்லும் ஒளியைச் சிதறடிக்கும். பிரியாமல் நீண்டுபோன செல் எண்ணிக்கை கூடாமலே ஓ.டி.யைக் கூட்டும். கரையாத டொலுவீன் துளிகளும் கலங்கலாகவே தெரியும். பிளேட்டில் எண்ணியே தீர வேண்டும், 30 முதல் 300 காலனி உள்ள பிளேட்டை. கிருமிநாசினிகளில் வரும் குவாட்டர்னரி அம்மோனியம் வகை நஞ்சானால் லெசித்தினும் ட்வீன் 80-உம் சேர்த்து நடுநிலையாக்காமல் பரப்பக் கூடாது. ஒட்டிக்கொண்டு வரும் நஞ்சு பிளேட்டிலும் கொல்லும்.

டைநைட்ரோபீனால், பென்டாகுளோரோபீனால் போன்ற அமிலங்களுக்கு பி.எச். தான் எஜமான். பி.எச். குறையக் குறைய மின்னூட்டமற்ற வடிவம் கூடும், சவ்வைக் கடப்பதும் எளிதாகும். குளுக்கோஸ் ஊடகத்தில் செல்களே அமிலம் சுரப்பதால், பி.எச்.சை நிலையாக வைக்கும் பஃபர் பலவீனமாக இருந்தால் சோதனையின் நடுவிலேயே நஞ்சின் வீரியம் ஏறிக்கொண்டிருக்கும்.

சவ்வு கிழிந்ததா என்று பார்க்க, வெளியே கசிந்த நியூக்ளிக் அமிலத்தை 260 நானோமீட்டரில் அளப்பது வழக்கம். ஃபீனாலுக்கு இது பொருந்தாது. ஃபீனாலே 270-ஐ ஒட்டி வலுவாக ஒளியை உறிஞ்சும். லிட்டருக்கு 1 கிராம் போட்டால் பிளாங்க் (செல் இல்லாத கரைசலின் அளவு) கழிப்பதற்கு முன்பே கருவி திணறிவிடும். வெளிச்சவ்வு கொண்ட கிராம்-நெகட்டிவ் செல்லானால் மலிவான மாற்று ஒன்று உண்டு. ஒரே நீர்த்தலை நியூட்ரியன்ட் அகாரிலும் மெக்கான்கி அகாரிலும் பரப்பினால் போதும். வெளிச்சவ்வு அடிபட்ட செல் முதலாவதில் தேறிவிடும். மெக்கான்கியில் உள்ள பித்த உப்பைத் தாங்காது. இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளிதான் காயத்தின் அளவு.

பொட்டாசியக் கசிவை ஃபிளேம் ஃபோட்டோமீட்டரில் அளக்கலாம், பஃபர் சோடியம் பாஸ்பேட்டாக இருந்தால். பொட்டாசியம் பாஸ்பேட்டில் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பவர்கள் உண்டு; பஃபரின் பொட்டாசியமே கசிவை மறைத்துவிடும். மாதிரியை உடனே வடிகட்டி எடுக்க வேண்டும். ஐஸில் வைத்துக் காத்திருந்தால், நஞ்சே படாத கன்ட்ரோல் செல்லும் குளிர் அதிர்ச்சியில் பொட்டாசியத்தைக் கசியவிடும்.