இதுகதான கொண்டாருது?

திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக் கரையில், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் வரித்தலை வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஆட்டோவில் கூட்டிவந்த அண்ணாச்சி, "சார், இதுகதான பறவைக் காய்ச்சலக் கொண்டாருது?" என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் புகுந்து ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்தபோது அதிகம் செத்தது இந்த வாத்துதான். 2021 தொடக்கத்தில் இமாச்சலப் பிரதேசத்தின் போங் அணையிலும் அதே கதை.

வைரஸ் சாதுவான ரகமாக இருந்தாலும் பறவையைச் சும்மா விடுவதில்லை. நெதர்லாந்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ரஷ்யாவின் துந்திரப் பகுதிக்குத் திரும்பும் பிவிக் அன்னங்களுக்கு ஜிபிஎஸ் மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. வீரியம் குறைந்த காய்ச்சல்தான், ஆனாலும் தொற்று இருந்த அன்னங்களுக்கு மேய்ச்சல் மந்தமாகி, மற்றவை கிளம்பி ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் கிளம்பின, அதிலும் கொஞ்ச தூரம் பறந்ததும் இறங்கிவிட்டன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க உடம்பில் கொழுப்பு வேண்டும், ஒழுங்காகத் தின்னாமல் அது எங்கிருந்து வரும்? (கருவி மாட்டிய அன்னங்கள் மிகக் கொஞ்சம், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

சரி, வலசையே நோயைக் கிளப்பிவிடுவதும் உண்டு. வலசைக் காலம் வந்தால் கூண்டில் இருக்கிற பறவைக்குக்கூட இருப்புக் கொள்ளாது, ராத்திரியெல்லாம் சிறகடிக்கும். ஸ்வீடனில், உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயின் கிருமி தொற்றிய ரெட்விங் என்ற பூங்குருவிகளை விளக்கு வெளிச்சத்தை மாற்றி அந்தத் தவிப்புக்குக் கொண்டுவந்தார்கள். மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்த கிருமி சில பறவைகளில் மறுபடி தலைதூக்கியது. பறக்கக்கூட இல்லை, பறக்கத் துடித்ததற்கே அந்தப் பாடு!

அண்ணாச்சியின் சந்தேகம் ஒன்றும் புதிதில்லை. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்து, மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. அந்த வைரஸ் ரஷ்யாவில் உண்ணிகள் பரப்பும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்ததும், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள்தான் உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ என்று பேச்சு எழுந்தது. அதைத் துப்புத் துலக்கத்தான் உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்து, பறவையியலாளர் சாலிம் அலியின் குழு பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டியது, நம் கோடியக்கரையிலும்கூட. குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் இந்தியாவுக்கு வரும் பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று நமக்குத் தெரிந்ததில் நிறைய அந்த வளையங்கள் சொன்னதுதான்.