மைனஸ் இருபதிலும் வீட்டைச் சூடாக்கும் பெட்டி

சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்த அம்மா, வெளியே முழங்காலளவு பனி கிடந்த ஒரு காலையில், எங்கள் வரவேற்பறைச் சுவரில் பூட்டியிருந்த நீண்ட வெள்ளைப் பெட்டியைப் பார்த்து, "இந்தக் குளிருக்குள்ள ஏன் தம்பி ஏசி பூட்டி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. கொழும்பில் அறையைக் குளிராக்கும் அதே இயந்திரத்தைத்தான் ஒஸ்லோவுக்கு அருகே லோறன்ஸ்கோக்கில் நாங்கள் திருப்பி ஓட்டுகிறோம். நோர்வேஜியர் இதை 'வார்மெபும்பெ' என்பார்கள். நம்மவர் வாயில் 'ஹீட் பம்ப்', அதாவது வெப்பப் பம்பு. அன்று அம்மாவுக்குச் சொன்ன விளக்கத்தையும், இந்தப் பெட்டியோடு கழித்த குளிர்காலங்களில் பட்டறிந்தவற்றையும், இங்கே புதிதாக வீடு வாங்குபவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வெளியே மைனஸ் 20 பாகையாக இருக்கும்போது அந்தக் காற்றிலிருந்து எப்படிச் சூட்டை எடுப்பது என்பதே எல்லோருக்கும் வரும் முதல் ஐயம். வெப்பம் அறவே இல்லாத நிலை மைனஸ் 273 பாகை. அங்கிருந்து பார்த்தால் மைனஸ் 20 பாகைக் காற்றில் இன்னும் ஏராளமான வெப்பம் இருக்கிறது. இயந்திரத்துக்குள் சுற்றிவரும் ஆர்-32 என்ற குளிரூட்டி, சாதாரண வளியமுக்கத்தில் மைனஸ் 52 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே நம்மை நடுங்கவைக்கும் காற்று அதற்கு அடுப்பு. வெளிப்பெட்டியில் ஆவியாகும்போது அது காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்பிரசர் அந்த ஆவியை அழுத்தியதும் சூடேறுகிறது. பிறகு உள்பெட்டியில் மீண்டும் திரவமாகி, சுமந்து வந்த வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு வெப்பம் கிடைத்தால், அதில் இரண்டு அலகு வெளிக்காற்று தந்தது. சுவரிலுள்ள மின்சூடாக்கி ஒன்றுக்கு ஒன்றைத்தான் தரும்.

இந்தக் கணக்கு நோர்வேயில் நேராக மின்கட்டணத்தில் தெரியும். அணைகளிலிருந்து கிடைத்த மின்சாரம் நெடுங்காலம் மலிவாக இருந்ததால், இங்கே வீடுகளை மின்சாரத்தாலேயே சூடாக்கிப் பழகிவிட்டார்கள்: யன்னலுக்குக் கீழே ஒரு மின்சூடாக்கி, கூடத்தில் ஒரு விறகடுப்பு. எண்ணெய் எரித்த வீடுகளுக்கும் 2020 ஜனவரி 1 முதல் அந்த வழி சட்டத்தால் அடைக்கப்பட்டது. 2021 இலையுதிர் காலத்தில் தென்நோர்வேயில் மின்விலை ஏறிய ஏற்றத்தில், அந்த டிசம்பரிலிருந்து கட்டணத்தின் ஒரு பங்கை அரசே ஏற்க வேண்டி வந்தது. இன்று இந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ 60 வீதமானவற்றில் வெப்பப் பம்பு இருக்கிறது; சுவீடனிலும் பின்லாந்திலும் 40 வீதத்துக்கு மேல். குளிர் நாட்டுக்கு இது சரிவராது என்று யாராவது சொன்னால், நான் இந்த மூன்று நாடுகளையும்தான் காட்டுவேன்.

ஆனால் கடையில் சொல்லப்படும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. 'ஒன்றுக்கு ஐந்து' என்று பெரிதாக அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் வெளியே பிளஸ் 7 பாகை இருக்கும்போது அளந்தது. குளிர் ஏற ஏற அந்த விகிதம் இறங்கும். மைனஸ் 15 பாகையில் நல்ல இயந்திரமும் இரண்டை ஒட்டித்தான் நிற்கும். அதைவிட முக்கியமானது, அது தரக்கூடிய மொத்த வெப்பமும் குறைந்துவிடுகிறது என்பது. வீட்டுக்கு மிகக் கூடுதலாகச் சூடு தேவைப்படும் நாளில்தான் இயந்திரம் மிகக் குறைவாகத் தருகிறது. இயந்திரம் எவ்வளவு சிக்கனமானது என்று காட்டும் ஐரோப்பிய ஆற்றல் ஒட்டியில் மூன்று ஊர்களின் காலநிலைகளுக்குக் கணக்கு உண்டு: ஏதென்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க், ஹெல்சிங்கி. இங்கே வாழும் நமக்கு உதவுவது ஹெல்சிங்கிக் கணக்கு மட்டுமே. அதைக் கேட்டு வாங்குங்கள்; மைனஸ் 15 பாகையில் எத்தனை கிலோவாட் தரும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் முதற் குளிர்காலத்தில் ஒரு மாலை, வெளிப்பெட்டியின் விசிறி திடீரென்று நின்றது. உள்ளே சூடான காற்றும் நின்றது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், பெட்டியின் பின்புறத்திலிருந்து வெண்ணிறப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. எரிகிறதென்று பயந்து பிரதான ஆளியை நிறுத்திவிட்டேன். உண்மையில் அது நீராவி. காற்றிலுள்ள ஈரம் வெளிப்பெட்டியின் தகடுகளில் உறைபனியாகப் படிந்து காற்றோட்டத்தை அடைக்கும்போது, இயந்திரம் சில நிமிடங்களுக்குத் தன் ஓட்டத்தைத் திருப்பி, வீட்டுக்குள் போகவேண்டிய சூட்டை வெளியே அனுப்பி அந்தப் பனியை உருக்குகிறது. இது நடக்கத்தான் வேண்டும். கடுங்குளிரில் காற்று வறண்டிருப்பதால் பனி குறைவாகவே படியும். பூச்சியத்தைச் சுற்றி, ஈரமும் மூடுபனியுமாக இருக்கும் நாட்களில்தான் இந்த உருக்கல் அடிக்கடி நடக்கும்.

உருகிய நீர் எங்கே போகிறது என்பதை எங்களுக்குப் பூட்டிக் கொடுத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பெட்டியை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் வைத்திருந்தார்கள். சொட்டிய நீர் அடியில் உறைந்து, நாளுக்கு நாள் கூம்பாக வளர்ந்து, ஜனவரி நடுவில் பெட்டியின் அடித்தட்டைத் தொட்டு உள்ளே ஏறிவிட்டது. ஒரு விடியற்காலை விசிறி பனிக்கட்டியில் இடிக்கும் சத்தம், சைக்கிள் கம்பிகளில் மட்டையைச் செருகி ஓட்டியது போல, படுக்கையறை வரைக்கும் கேட்டது. கேத்தலில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்றி ஊற்றி, விரல் விறைக்க அந்தக் கட்டியைக் கரைத்தேன். கோடையில் வேறு ஒருவரைக் கொண்டு பெட்டியை அரை மீற்றருக்கு மேல் உயர்த்தி, அடித்தட்டில் சூடாக்கும் கம்பி பூட்டி, கூரையிலிருந்து சரியும் பனி விழாதபடி மேலே ஒரு சிறு சரிவும் அடித்தேன். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே பூட்ட வருபவரிடம் விலைக்கு முன்னே கேட்க வேண்டியது இதுதான்: நீர் எங்கே விழும்?

இன்னொன்று, நம் சமையலோடு சேர்ந்த சங்கதி. இங்குள்ள வீடுகளில் சமையலறையும் வரவேற்பறையும் பெரும்பாலும் ஒரே கூடம். மீன் பொரிக்கும்போதும் கடுகு தாளிக்கும்போதும் எழும் எண்ணெய்ப் புகையை உள்பெட்டி உறிஞ்சிக்கொள்கிறது. நோர்வேஜிய வீட்டில் வடிகட்டியில் சாம்பல்நிறத் தூசி மட்டும் இருக்கும். எங்கள் வீட்டிலோ அது பிசுபிசுத்து, தூசியும் எண்ணெயும் சேர்ந்த மெல்லிய தோலாக ஒட்டியிருந்தது. வடிகட்டி அடைபட்டால் சூடு அறைக்குள் போகாமல் பெட்டிக்குள்ளேயே தேங்கி, கம்பிரசர் வீணாக உழைக்கும். மின்சாரம் கூடச் செலவாகும். தூசியை இழுத்தெடுத்தால் மட்டும் போதாது என்று கண்டுகொண்டு, குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அலசி, நன்றாக உலர்த்திப் பூட்டுகிறேன். பொரிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி விசிறியை மறக்காமல் போடுகிறோம்.

வேலைக்குப் போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது நம்மில் பலருக்கு ஊரிலிருந்தே வந்த நல்ல பழக்கம். மின்சூடாக்கிக்கு அது பொருந்தும். வெப்பப் பம்பு மெதுவாக, தொடர்ச்சியாக ஓடும்போதுதான் சிக்கனமானது. சுவரும் தளபாடமும் குளிர்ந்துபோன வீட்டை மாலையில் ஒரேயடியாகச் சூடாக்கச் சொன்னால், அது முழுவேகத்தில் திணறி, காலையில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நாங்கள் 21 பாகையில் வைத்து, இரவில் இரண்டு பாகை மட்டும் இறக்குகிறோம்.

இதற்கு எல்லையும் உண்டு. சூடான காற்று போகும் இடம்வரைதான் சூடு. கதவு சாத்திய படுக்கையறைகளுக்கு இன்றும் மின்சூடாக்கி வேண்டும். மின்சாரம் நின்றால் பெட்டியும் நிற்கும். 2024 ஜனவரி முதல் வாரத்தில் வடக்கே கௌத்தொக்கெய்னோவில் மைனஸ் 43 பாகைக்குக் கீழே போனது. ஒஸ்லோவின் காட்டுப் பகுதியிலேயே மைனஸ் 31. அந்த நாட்களிலும் எங்கள் பெட்டி நிற்கவில்லை. ஆனால் வீடு 18 பாகையைத் தாண்டவும் இல்லை. இரண்டு மாலைகள் பேர்ச் விறகை மூட்டினோம். அம்மா இருந்திருந்தால் அந்த அடுப்பை விட்டு எழும்பியிருக்கமாட்டார். இப்போது செப்டம்பர் வந்ததும், வெளிப்பெட்டியைச் சுற்றி விழுந்த இலைகளைக் கூட்டிவிட்டு, கொட்டிலில் ஒரு வார விறகை அடுக்கி வைத்துவிடுகிறேன்.