முன்பக்கம் பண்ணை வீடு, பக்கவாட்டில் பீர்க்கடை

டாக்ஸிக்காரரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வயிற்றெரிச்சல் அடங்காது. இங்கிலாந்தின் டெர்பிஷையரில் இருக்கும் பேக்வெல் ஊரிலிருந்து, நான் தங்கப்போன பழைய பண்ணை வீட்டுக்கு ஐந்து மைல்தான், அதற்கு 28 பவுண்டு! இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒருவழிக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது, ஆனால் கடைசி பஸ் போய்விட்டது என்பது அந்த மனுஷருக்கும் தெரியுமே. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கினேன்.

இறங்கி வீட்டைப் பார்த்ததும் கணக்கு மறந்துபோனது. ஜார்ஜ் என்ற பெயரில் நான்கு ராஜாக்கள் அடுத்தடுத்து ஆண்ட காலத்து (1714–1830) பண்ணை வீடு. நடுவில் கதவு, இருபுறமும் இரண்டிரண்டு ஜன்னல், மாடியில் ஐந்து, எல்லாம் நூல் பிடித்த மாதிரி. டெர்பிஷையரின் இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் நேராகச் செதுக்க வராது. அதனால் சுவர் மட்டும் அந்தக் கல்லில், மூலைகளுக்கும் ஜன்னல் ஓரங்களுக்கும் பழுப்பு மணற்கல். வெளிர்சாம்பல் புடவைக்குப் பழுப்புக் கரை போட்டதுபோல் இருக்கிறது.

ஜன்னல்கள் மேலும் கீழும் சறுக்குபவை. சட்டத்தின் பெட்டிக்குள் கயிற்றில் இரும்புக் குண்டு தொங்குகிறது. இரண்டு விரலால் தூக்கினால் மேலே போய் அங்கேயே நிற்கிறது! மாடியில் ஒன்றைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். 1696 முதல் 1851 வரை வீட்டு ஜன்னல்களை எண்ணி வாங்கிய ஜன்னல் வரிக்குப் பயந்துதான் என்று இந்த மாதிரி வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். நான் நம்பவில்லை. உள்ளே சரியாக அந்த இடத்தில்தான் ஒரு குறுக்குச் சுவர் வந்து முட்டுகிறது, ஆகவே முகப்பு அழகுக்காகக் கட்டும்போதே வைத்த பொய் ஜன்னலாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் 1830-இல் பீர்ஹவுஸ் சட்டம் வந்தது. வரி கட்டும் வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் இரண்டு கினி (இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல்) கட்டி உரிமம் வாங்கி பீர் விற்கலாம், சாராயமும் ஒயினும் கூடாது. இந்த வீடும் கடையானது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான், ஏனென்றால் முகப்பின் ஒழுங்கையெல்லாம் குடிகாரர்களுக்காகக் கெடுத்திருக்கிறார்கள். பக்கச் சுவரை உடைத்துத் தனிக் கதவு, பெயர்ப்பலகை தொங்கிய இரும்புக் கொக்கி நடுவில் இல்லாமல் ஓரமாக. வடக்குப் பார்த்த பால் அறை எப்போதும் சில்லென்று இருப்பதால், வெண்ணெய் வைத்த கற்பலகை மேல் பீப்பாய்கள் ஏறிவிட்டன. கவுன்ட்டரே கிடையாது, ஜாடியில் பிடித்து சுவரில் வெட்டிய ஒரு சின்னத் திறப்பு வழியாக நீட்டுவார்களாம். அந்தத் திறப்பின் மரக்கட்டை நடுவில் மட்டும் வழவழவென்று குழிந்திருக்கிறது.

வாடகை 95 பவுண்டு. என் பட்ஜெட்டுக்கு அதிகம்தான், ஆனால் காலைச் சாப்பாடு அதிலேயே அடக்கம். காளானும் சீஸும் வைத்து மடித்த சூடான டெர்பிஷையர் ஓட்கேக் (ஓட்ஸ் மாவில் சுடும் தோசை மாதிரி), கேட்கக் கேட்கக் கொடுத்தார்கள். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருப்பதால் இரட்டைக் கண்ணாடி போட அனுமதி லேசில் கிடைக்காதாம், இரவெல்லாம் ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடித்தது. குளிர்காலத்தில் போகிறவர்கள் கம்பளி சாக்ஸ் இல்லாமல் போகாதீர்கள்.